கத்தரின் மாமி ஊற்றிய தேத்தண்ணீர்

கத்தரின் மாமி செய்தது பிழை என்று ஒழுங்கையில் குடியிருக்கும் ஒருவருமே சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவளுக்கு நல்ல தண்ணீரில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததை யார் பிழை என்பார்கள்? மருமகள் ஜெனிற்றா மட்டும்தான் வேலையால் வந்த கையோடு, தலையில் கையை வைத்துக்கொண்டு முற்றத்து மணலில் இருந்துவிட்டாள்.

"எந்தத் தண்ணியில மாமி ஊத்தினீங்கள்?"

"தோட்டவெளித் தண்ணிதான் பிள்ளை. நேற்று உன்ர மனிசன் அந்த ஊர்க் கிணத்தில அள்ளிச் சைக்கிளில கட்டிக்கொண்டு வந்த பிளாஸ்ரிக் கானில மிச்சம் கிடந்தது."

"எங்கட கிணத்துத் தண்ணியில ஊத்துங்கோ எண்டு படிச்சுப் படிச்சுச் சொல்லிப்போட்டெல்லோ போனனான்! அவ வந்ததே அதைக் குடிச்சுப் பாக்கத்தானே!"

மாமிக்கும் கோபம் வந்தது. "கொழும்பில இருந்து வந்த மனிசி. முதல் தரம் வாசலை மிதிக்கிறா. அவவுக்கு உப்புத்தண்ணியை நீட்டச் சொல்லுறியோ? பகையாளிக்குக்கூட நான் அப்பிடிக் குடுத்ததில்லை. மண்டபத்து முகாமில ஒரு குடம் தண்ணிக்கு வரிசையில நிண்ட காலத்திலயும் வந்த ஆளுக்கு நல்லதைத்தான் குடுத்தனான்."

"குடிச்சுப்போட்டு என்ன சொன்னா?"

"நல்ல தேத்தண்ணி எண்டா," என்றாள் மாமி. அதைச் சொல்லும்போது அந்த நிலையிலும் அவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது.

ஜெனிற்றாவுக்கு அழுகைகூட வரவில்லை.

வீடு நின்ற காணி ஜெனிற்றாவின் சீதனக் காணி. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்தபோது அதில் வீடு இல்லை, வேலி இல்லை, உடைமரம் மட்டும் நின்றது. ஆனால் பற்றையை வெட்டிக் கிணற்றைத் துப்புரவாக்கி முதல் வாளி இறைத்தபோது தண்ணீர் இளநீர் போல இருந்தது. அந்த ஒரு கிணற்றை நம்பித்தான் ஒழுங்கையில் மற்றக் குடும்பங்களும் கொட்டில் போட்டன.

மன்னார்த் தீவின் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கும். வாளியால் மெல்ல அள்ளினால் பரம்பரைக்கும் கிடக்கும். மோட்டர் வைத்து உறிஞ்சினால் மேற்படை போய்க் கீழே கிடக்கும் கடல் ஏறிவிடும். ஒழுங்கைக்கு எதிரே தெருவுக்கு அப்பால் வந்த 'நீலக்கரை' நண்டுத் தொழிற்சாலை அதைத்தான் செய்தது. நண்டு கழுவவும் ஐஸ் கட்டவும் குழாய்க்கிணறு அடித்து இரவு பகலாக இறைத்தது. போன தவக்காலத்தில் ஜெனிற்றாவின் கிணறு இலேசாகக் கரித்தது. உயிர்ப்புப் பெருநாள் வரும்போது வாயில் வைக்க முடியவில்லை. குளித்துக் குளித்து மகள் சோபனாவின் முழங்கையும் கழுத்தும் செதில் செதிலாய் வெடித்துவிட்டன.

ஜெனிற்றாவும் அதே தொழிற்சாலையில்தான் நண்டுச் சதை எடுக்கிறாள். வேறு எங்கே வேலை இருக்கிறது?

நண்டு வாங்கும் வெளிநாட்டுக் கம்பனியின் ஆள் ஒருவர் அங்கே வந்தபோது, எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். "ஏதாவது குறை உண்டா?" என்று அவர் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். முகாமில் பிளஸ் டூ வரை படித்த ஜெனிற்றா, ஆங்கிலத்தில், "எங்கள் கிணறு உப்பாகிவிட்டது" என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு வசனம் கொழும்பு வரை போனது. நீலக்கரையின் பணிப்பாளர் சபை, தொழிலால் மண்ணும் தண்ணீரும் கெடாமல் பார்க்க நிலைபேற்றுக் குழு ஒன்றை அமைக்கவேண்டும், அந்தக் குழு பரிந்துரைக்காமல் தொழிற்சாலையைப் பெருப்பிக்கக்கூடாது என்று வாங்குபவர்கள் நிபந்தனை போட்டார்கள். சபையில் வெளியாளாக, சுயாதீனப் பணிப்பாளராக இருந்த கலாநிதி சுபத்திரா அந்தக் குழுவுக்குத் தலைவியானாள். இப்போது இரண்டாவது ஐஸ் தொழிற்சாலைக்கு அனுமதி கேட்கிறார்கள். அதற்குக் கடல் தண்ணீரைச் சுத்திகரித்து எடுப்பதா, அல்லது இன்னும் நாலைந்து குழாய்க்கிணறு அடிப்பதா என்பதைச் சபை நாளைக்கு முடிவு செய்யும். யுத்தம் முடிந்த மண்ணில் கூட்டம் வைத்தோம் என்று படம் எடுத்துப் போடுவதற்காக, முதல் தடவையாக மன்னாரிலேயே, தொழிற்சாலையின் மேல்மாடியிலேயே கூடுகிறார்கள்.

இன்று காலை சுபத்திரா கிணற்றைப் பார்க்க வந்தாள். ஜெனிற்றா அந்த நேரம் வீட்டில் நிற்காதபடி முகாமையாளர் றொஷான் பார்த்துக்கொண்டான். "கொள்கலன் பின்னேரம் போகவேணும், ஒருத்தரும் அசையக்கூடாது" என்றான். ஜெனிற்றா பயப்படவில்லை. தண்ணீரே பேசும் என்று நம்பியிருந்தாள்.

தண்ணீர் மாற்றிப் பேசிவிட்டது.

புருசன் ஜெயகாந்த் மேசன் வேலையால் வந்து, நடந்ததைக் கேட்டான். தாயைக் கடந்து போனான். மகளைக் கிட்டக் கூப்பிட்டு அவள் கழுத்தைத் திருப்பி மனைவிக்குக் காட்டினான்.

"பாத்தியோ? இரத்தம் கசியுது."

"இஞ்சருங்கோ, நாளைக்குக் கூட்டம் முடியட்டும்..."

"கூட்டத்தில ஓம் எண்டு சொன்னால் அடுத்த வருசம் இந்தக் கிணத்தில மீன்தான் வளக்கலாம். நான் தலைமன்னாரில ஒருத்தனோட கதைச்சிட்டன். நாளைக்கு இரவு படகு. அண்ணை இன்னும் மண்டபத்திலதான் இருக்கிறான். அங்க குழாயில எண்டாலும் தண்ணி வரும். நான் சோபனாவைக் கூட்டிக்கொண்டு போறன்."

ஜெனிற்றா மகளை இழுத்துத் தன்னோடு அணைத்தாள். "கள்ளப் படகில பிள்ளையைக் கொண்டு போகப்போறீங்களோ? முந்திப் போகேக்க எங்களை நடுக்கடல் மணல்திட்டியில இறக்கிவிட்டிட்டு ஓடினாங்களே, மறந்துபோச்சோ?"

"மறக்கேல்லை. நீ வாறதெண்டால் வா. இல்லாட்டி உன்ர சீதனக் கிணத்தோட இரு."

அவள் எழும்பி ஓடினாள். சுபத்திராவை எப்படியாவது கண்டு சொல்லிவிட வேண்டும். ஆனால் தொழிற்சாலைப் படலை வாசலிலேயே றொஷான் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றான். தாழ்வுபாட்டுக் கிராமத்து யாகப்புவின் மகன். ஊரில் முதல் ஆளாகக் கழுத்துப்பட்டி கட்டி உத்தியோகம் பார்ப்பவன்.

"என்ன, இந்தியாக்காரி ஓடி வாறா! மேடம் மன்னார் ரவுண் ஹோட்டலுக்குப் போயிற்றா. மாமியின்ர தேத்தண்ணி அவவுக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சாம். நாளைக்கும் அதே கையால வேணுமாம்."

"அது தோட்டவெளித் தண்ணி. உங்களுக்குத் தெரியும்."

றொஷான் சிரித்தான். "நான் தாழ்வுபாட்டான் அக்கா. எங்கட சனம் வந்த ஆளுக்கு என்ன தண்ணி குடுக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ? 'கட்டாயம் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும் மேடம்' எண்டு நான்தானே அவவை உங்கட வீட்டில இருத்தினனான்."

ஜெனிற்றா திரும்பி நடக்கப் பார்த்தாள்.

"கோவிக்காதேங்கோ," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "ரெண்டாவது பக்டரி வந்தால் ஊரில எத்தினை பெட்டையளுக்கு வேலை? என்ர தங்கச்சிமாருக்கும்தான். நாளைக்கு மாமி சமைக்கட்டும். நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து மேல பரிமாறுங்கோ. இங்கிலிஸ் தெரிஞ்ச ஆள் எண்டு சேர்மன் சந்தோசப்படுவார்."

மறுநாள் ஜெனிற்றா சைக்கிளின் பின் கரியரில் இரண்டு கான்களைக் கட்டினாள். ஒன்றில் தோட்டவெளித் தண்ணீர். மற்றதில் அவளுடைய கிணற்றுத் தண்ணீர். இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுதான்.

தொழிற்சாலைச் சமையலறையில் நீலக்கால் நண்டு கறியாகிக் கொண்டிருந்தது. மாமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தேங்காய்ப்பால் விட்டாள். ஜெனிற்றா கிணற்றுக் கானை அடுப்படியில் வைத்தாள்.

"மாமி, உங்கட காலைப் பிடிச்சுக் கேக்கிறன். தேத்தண்ணியை மட்டும் இதில ஊத்துங்கோ."

"நடக்காது."

"சோபனாவைப் படகில ஏத்தப் போறார். உங்கட பேத்தியெல்லோ?"

மாமியின் கை அகப்பையில் நின்றது. கண் கலங்கியது. ஆனால் தலையை ஆட்டினாள். "வேற என்னவும் கேள் பிள்ளை. வேணுமெண்டால் அவையின்ர காலில போய் விழுறன். சாப்பிட வந்த ஆளுக்கு உவர்த் தண்ணியைத் தெரிஞ்சுகொண்டு குடுக்க மாட்டன். நீ களவா ஊத்தினாலும் நான் மேல வந்து சொல்லிப்போடுவன். என்னைத் தெரியும்தானே?"

தெரியும். ஜெனிற்றா தண்ணீர்ப் போத்தல்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு படியேறினாள்.

மேலே நீண்ட மேசை. குளிரூட்டியின் சத்தத்தையும் மீறி, கீழே மோட்டர் இறைக்கும் உறுமல் தரையால் ஏறிக் காலில் அதிர்ந்தது. சபைத் தலைவர் நரைத்த, மரியாதையான மனிதர். நிதிப் பணிப்பாளர் ஆங்கிலத்தில் ஒரு கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடல் தண்ணீர் இயந்திரம் வைத்தால் இந்த வருட இலாபம் குறையும், பங்குக்காரர் கேள்வி கேட்பார்கள் என்றார். நிறைவேற்றுப் பணிப்பாளர், மீளக் குடியேறிய பெண்களுக்கு வேலை கொடுப்பதே பெரிய நிலைபேறு என்றார். இருவருமே ஜெனிற்றாவின் தட்டில் இருந்து போத்தல் எடுக்கும்போது அவளுக்கு நன்றி சொன்னார்கள். முகத்தைப் பார்க்கவில்லை.

"சுபத்திரா," என்றார் தலைவர். "உங்கள் குழு என்ன சொல்கிறது?"

சுபத்திரா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். பயணத்தின் களைப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "முறைப்பாடு வந்த வீட்டுக்கு நானே போனேன். கிணறு தெளிவாக இருக்கிறது. அந்த வீட்டில் தேநீரும் குடித்தேன். உப்பு ருசி எனக்குத் தெரியவில்லை. சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். தொடர்ந்து கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு, குழாய்க்கிணறுகளைப் பரிந்துரைக்கிறேன்."

"மிக நல்லது," என்றார் தலைவர். "தேநீர் குடித்துவிட்டு வாக்கெடுப்புக்கு விடலாம்."

"மேடம்..." என்றாள் ஜெனிற்றா.

குரல் அவளுக்கே கேட்கவில்லை. றொஷான் அவள் முழங்கையைப் பிடித்து வாசலுக்குத் திருப்பிவிட்டான். "தேத்தண்ணியை எடுத்து வாங்கோ அக்கா. சுறுக்கா."

அவள் படியிறங்கினாள். சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"முடிஞ்சுது மாமி."

"என்ன முடிஞ்சுது?"

"கிணறு முடிஞ்சுது. மேடம் எழும்பிச் சொல்லிப்போட்டா. அந்த வீட்டில தேத்தண்ணி குடிச்சனான், உப்பே இல்லை, சும்மா பொய்யாச் சொல்லுதுகள் எண்டு."

"ஆர்? நான் ஊத்திக் குடுத்த தேத்தண்ணியையோ சொன்னவ?"

"வேற எதை? உங்கட தேத்தண்ணிதான் சாட்சி."

மாமி அகப்பையைக் கீழே வைத்தாள். கேத்தலில் தோட்டவெளித் தண்ணீர் கொதித்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

"என்ர கையால குடுத்ததை வைச்சோ என்ர பேத்தியின்ர கிணத்தை மூடுறாங்கள்?" என்று தனக்குள் கேட்டாள். பிறகு கேத்தலைத் தூக்கினாள். கழுவுதொட்டியில் முழுவதையும் கவிழ்த்தாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது. மற்றக் கானின் மூடியைத் திருகித் திறந்து கேத்தலை நிரப்பி அடுப்பில் வைத்தாள்.

"மாமி!"

"கதையாதை. அந்தோனியாரே, இதைப் பாவக் கணக்கில எழுதாதையும்," என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டு தேயிலையை அள்ளினாள். உவர்த் தண்ணீரில் தேயிலை சிவக்காமல் கறுத்துக் கலங்கியது. அவள் சீனி போட்டாள், இன்னும் போட்டாள். பழக்க தோசம். விருந்தாளிக்குச் சீனி குறையக்கூடாது.

ஜெனிற்றா தட்டைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். கோப்பைகள் ஒன்றோடொன்று கிலுங்கின. மாமியும் பின்னால் வந்து கதவோடு நின்றுகொண்டாள்.

முதலில் தலைவர் குடித்தார். ஒரு மிடறு. அவருடைய புருவம் இலேசாக அசைந்தது. அவ்வளவுதான். கோப்பையை மெல்லச் சாசரில் வைத்து, முன்னால் கிடந்த தாளைப் பார்த்தார். நிதிப் பணிப்பாளர் வாயில் வைத்தார், உடனே தலைவரின் முகத்தைப் பார்த்தார், விழுங்கினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் இவரைப் பார்த்துவிட்டு விழுங்கினார். நிறைவேற்றுப் பணிப்பாளர், "நல்ல கடும் சாயம்" என்று சொல்லி இன்னொரு மிடறும் குடித்தார். தலைவர் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லும் பழக்கம் அந்த மேசையில் எவருக்கும் இல்லை.

ஜெனிற்றாவுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. கடலைக் குடித்துவிட்டு இப்படியும் இருப்பார்களா?

கடைசியாகச் சுபத்திரா குடித்தாள். வாயில் வைத்தபடியே விழுங்காமல் இருந்தாள். கோப்பைக்குள் பார்த்தாள். பிறகு ஜெனிற்றாவை நிமிர்ந்து பார்த்தாள். நேற்றுத் தன்னோடு பேச வராத அந்த வீட்டுக்காரி இவள்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். விழுங்கினாள். ஒரு கணம், அவளும் பேசாமல் கோப்பையை வைத்துவிடுவாள் போலத்தான் இருந்தது. சற்று முன்புதான் சபைக்கு முன்னால் நல்ல தண்ணீர் என்று சொன்னவள். தன் வாயாலேயே அதை எப்படி மாற்றுவது?

"இது எந்தத் தண்ணி?" என்று தமிழில் கேட்டாள்.

"எங்கட கிணத்துத் தண்ணி மேடம்."

"அப்ப நேற்று நான் குடிச்சது?"

ஜெனிற்றா கதவுப் பக்கம் பார்த்தாள். மாமியை எப்படிக் காட்டிக் கொடுப்பது? கதவடியில் இருந்து மாமியே சொன்னாள்.

"அது தோட்டவெளியில எடுத்த தண்ணி பிள்ளை. நீங்கள் முதல் தரம் வந்தனீங்கள். உப்புத் தண்ணி குடுக்க எனக்கு மனம் வரேல்லை. பிழை என்னிலதான்."

"சேர், அதில் உப்புப் போட்டிருக்கிறார்கள்!" என்று றொஷான் ஆங்கிலத்தில் பாய்ந்தான்.

சுபத்திரா மாமியைத் திரும்பிப் பார்த்தாள். "உப்புப் போட்டனீங்களோ அம்மா?"

"சீனிதான் போட்டனான், நாலு மடங்கு," என்றாள் மாமி. "போட்டும் மறையேல்லை."

தலைவர், என்ன நடக்கிறது என்று கேட்டார். சுபத்திரா விளக்கினாள். குரல் முதலில் தடுமாறியது. முடிக்கும்போது தடுமாறவில்லை. "நான் ஏமாந்துவிட்டேன். ஆய்வுகூடத்தில் சோதிக்காமல் தேநீர் குடித்துவிட்டுச் சாட்சி சொன்னது என் பிழை. என் பரிந்துரையை மீளப் பெறுகிறேன்."

நிபந்தனை நிபந்தனைதான். குழுவின் பரிந்துரை இல்லாமல் பெருப்பிக்க முடியாது. தலைவர் பெருமூச்சு விட்டார். தண்ணீரைச் சோதித்து, அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்று தீர்மானித்தார். நிதிப் பணிப்பாளர் பேனையை மூடினார்.

ஜெனிற்றாவின் நெஞ்சு ஒருமுறை நிறைந்து, உடனே வெறுமையாகியது. தரை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"சேர்," என்றாள் ஆங்கிலத்தில். "அதுவரை, இப்போது ஓடுகிற மோட்டர்?"

எவரும் அதைப்பற்றி யோசித்திருக்கவில்லை. நிறைவேற்றுப் பணிப்பாளர், மோட்டர் நின்றால் தொழிற்சாலை நிற்கும் என்றார். சுபத்திரா நிமிர்ந்து இருந்தாள். "சோதனை முடியும் வரை நிலத்தடி நீர் இறைப்பதை நிறுத்தி, பவுசர் வண்டியில் வெளியிலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்."

"வழிமொழிபவர்?" என்று தலைவர் கேட்டார்.

ஒருவர் கோப்பையைப் பார்த்தார். இன்னொருவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். குளிரூட்டி மட்டும் பேசியது.

மாமி மருமகளிடம் குனிந்தாள். "என்ன கேக்கினம்?"

"மேடம் சொன்னதுக்கு ஆர் சேர்ந்து நிக்கிறது எண்டு."

"இவ்வளவு பேர் இருந்துகொண்டு ஒருத்தரும் நிக்கினமில்லையோ?" மாமி மசாலா மணந்த கையை உயர்த்தினாள். "நான் நிக்கிறன்."

மேசையைச் சுற்றி ஒரு சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு அல்ல. படப்பிடிப்பாளர் ஒரு படமும் எடுத்தார். "அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள்," என்றார் தலைவர் அன்பாக. "ஆனால் அவர் சபை உறுப்பினர் இல்லையே." வழிமொழிய ஆளில்லாமல் பிரேரணை விழுந்தது. அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.

கூட்டம் கலைந்து போகும்போது சுபத்திரா வாகனத்தடியில் நின்று ஜெனிற்றாவைக் கூப்பிட்டாள். கையில் வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்று.

"அந்தக் கானில மிச்சம் இருந்தால் இதுக்குள்ள விட்டுத் தாங்கோ. கொழும்பில சோதிக்கக் குடுக்கிறன்."

ஜெனிற்றா நிரப்பிக் கொடுத்தாள். "அடுத்த கூட்டத்தில நிப்பாட்டுவினமோ மேடம்?"

சுபத்திரா பொய் சொல்லவில்லை. "அடுத்த கூட்டம் வரைக்கும் என்னைச் சபையில வைச்சிருப்பினமோ தெரியாது. இருந்தால், இண்டைக்குக் கேட்டதைத் திரும்பவும் கேப்பன். இன்னும் ஒரே ஒராள் என்னோட சேர்ந்தால் காணும், வாக்கெடுப்புக்கு விடவேண்டி வரும்." அவள் ஏறி இருக்க, யன்னல் கண்ணாடி மேலே எழுந்தது. வாகனம் போனது.

வீட்டுக்கு வந்தபோது ஜெயகாந்த் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். சோபனா சப்பாத்துப் போட்டுக்கொண்டு படியில் இருந்தாள். ஜெனிற்றா நடந்ததைச் சொன்னாள். புதுக் கிணறு இல்லை, பழைய மோட்டர் நிற்காது என்பதுவரை அவன் கேட்டான்.

"அப்ப கெதியாச் சாகாது. மெல்ல மெல்லச் சாகும்," என்றான். கயிற்றை இறுக்கினான்.

"இஞ்சருங்கோ, மூண்டே மூண்டு மாசம்..."

வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. றொஷான். உள்ளே வரவில்லை.

"அக்கா, நாளையில இருந்து நீங்கள் வேலைக்கு வரத் தேவையில்லை," என்றான் எங்கோ பார்த்துக்கொண்டு. "நானாச் சொல்லேல்லை. மேல இருந்து சொன்னது."

ஜெனிற்றா கண்களை மூடிக்கொண்டாள். இனி வேலையும் இல்லை. மாமிதான் எழும்பினாள்.

"உள்ள வா தம்பி. படலையில நிண்டு கதைக்கிறது என்ன பழக்கம்?"

கதிரையை இழுத்து முற்றத்தில் போட்டாள். அவன் வந்து நுனியில் இருந்தான். மாமி குசினிப் பக்கம் போகவில்லை. கிணற்றடிக்குப் போனாள். கப்பியில் கயிறு கீச்சிட்டது. வாளியில் இருந்து செம்பில் வார்த்து, செம்பின் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

றொஷானின் முகம் மாறியது. "தாகமில்லை மாமி."

"யாகப்புவின்ர மகன் என்ர வீட்டில தண்ணி வேண்டாம் எண்டு சொல்லுவானோ?"

அவன் மாமியைப் பார்த்தான். ஜெயகாந்தைப் பார்த்தான். சோபனாவின் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தான். நீட்டிய தண்ணீரை மறுத்தால் அந்த வாசலோடு உறவு முடிந்தது என்று அர்த்தம். தாழ்வுபாட்டானுக்கு அதை எவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. செம்பை வாங்கினான். ஒரு மிடறு இறங்கியது. தொண்டை ஏறி நின்றது. செம்பைத் திருப்பி நீட்டினான். மாமி கையை நீட்டவில்லை.

அவன் மிச்சத்தையும் குடித்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"காணுமோ தம்பி? இன்னும் கிடக்கு."

அவன் செம்பைக் கதிரையில் வைத்துவிட்டுப் படலைக்கு வெளியே போனான். மோட்டார் சைக்கிள் இரண்டு உதையில் பற்றவில்லை, மூன்றாவதில் பற்றியது.

"இனி இந்த வாசலுக்கு ஆர் வந்தாலும் இதுதான்," என்றாள் மாமி.

"பங்குச் சுவாமியார் வந்தால்?" என்று ஜெயகாந்த் கேட்டான்.

"சுவாமிக்கும் இதுதான். நான் போய் ஒழுங்கையில எல்லா வீட்டிலயும் சொல்லப்போறன். எங்கட மரியாதையால கிணறு போனது காணும்."

ஜெயகாந்த் பையின் கயிற்றில் கை வைத்தான். பிறகு அதை அவிழ்க்காமல் அப்படியே தூக்கிச் சுவர் ஆணியில் கொழுவினான்.

"அடுத்த கூட்டம் மட்டும்தான்," என்றான் ஜெனிற்றாவிடம். "அதுக்குப் பிறகு நீ என்னை மறிக்கக்கூடாது."

அவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்வது? சோபனா ஒரு சப்பாத்தைக் கழற்றினாள். மற்றதைக் கழற்றலாமா என்று தகப்பனைப் பார்த்தாள்.

தெருவுக்கு அப்பால் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாமி மறுபடியும் வாளியைக் கிணற்றில் விட்டாள்.

"நாளைக்கு ஆர் வருவினமோ தெரியாது," என்றாள். "எடுத்து வைப்பம்."